குருவி தாங்குமா

வேலையில் சேர்ந்த அன்று எனக்கு வந்த முதல் செய்தியை அனுப்பியவர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். அது அப்போது எனக்குத் தெரியாது.

காக்ஸ் டவுனில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் ஆபீஸ். ஒரு மேஜையைக் காட்டினார்கள். ஆபீஸ் சாட்டில் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். ஓரத்தில் ஸ்ரீகண்டன், நிருபமா, அச்யுத் என்று மூன்று பெயர்கள், மூன்றுக்கும் பக்கத்தில் பச்சைப் புள்ளி, ஆள் லாகினில் இருக்கிறார் என்பதற்கு அடையாளம். கொஞ்ச நேரத்தில் சாட் பெட்டி திறந்தது. அச்யுத் என்பவர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார்.

"கூட்டம் வருது. நான் பாத்துக்கறேன்."

புது ஆள் மரியாதையாக இருக்க வேண்டுமே என்று, "வணக்கம் சார், நான் வித்யாலட்சுமி, டெஸ்டிங்குக்கு வந்திருக்கேன்" என்று பதில் போட்டேன். ஒன்றும் வரவில்லை. தலைக்கனம் பிடித்த மனுஷன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எதிர் மேஜையில் இருந்த ஸ்ரீகண்டனிடம் கேட்டேன்.

"அச்யுத் சார் எங்க உக்காருவாரு?"

ஸ்ரீகண்டன் ஜன்னலோரம் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு நிருபமா மேடம் இருந்த உள் அறையின் கதவைப் பார்த்தார். "கீழ வாம்மா, காபி குடிக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

காபிக் கடையில்தான் விஷயம் தெரிந்தது. அச்யுத் நிருபமாவின் தம்பி. ஸ்ரீகண்டன் அவர்களுடைய சித்தி பிள்ளை. மூன்று பேரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி இது. நான் சேர்ந்தது 2007 ஜனவரி. அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஒரு நாள் காலை அச்யுத் ஒரு சின்ன ப்ரோக்ராமை ஓடவிட்டுவிட்டு, சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று பைக்கில் ஹெப்பகோடிக்குக் கிளம்பியிருக்கிறார். ஓசூர் ரோட்டில் லாரி. சில நாள் ஆஸ்பத்திரியில் மெஷின் மூச்சில் இருந்தார், அவ்வளவுதான்.

"அந்த ப்ரோக்ராம் சைட்டுக்கு எத்தனை பேர் வராங்கன்னு எண்ணிண்டே இருக்கும். கூட்டம் ஜாஸ்தியானா அவன் பேர்ல சாட்ல ஒரு வரி போடும். அவன் வந்து நிறுத்தலை. நாங்களும் நிறுத்தலை" என்றார் ஸ்ரீகண்டன்.

"சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா தானா நின்னுடுமே சார்?"

"பண்ணலை."

"ஆகஸ்ட்ல இருந்தா?"

அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "அக்காகிட்ட மட்டும் இதைப் பத்திப் பேசாதே" என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திருப்பத்தூரில் என் அம்மா அதற்காகவே கவலைப்படுவாள். ஆனால் அன்று வாயைப் பொத்திக்கொண்டேன். பேய், பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை, கணக்குப் போடும் ஒரு ப்ரோக்ராம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அச்யுத் விட்டுப்போனது அது மட்டும் இல்லை. 'குருவி' என்று ஒரு வெப் ஃபிரேம்வொர்க் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு வெப்சைட்டையும் அடியிலிருந்து எழுத முடியாதல்லவா? எல்லாவற்றுக்கும் பொதுவான எலும்புக்கூட்டை ஒரு முறை செய்து வைத்துக்கொண்டு, அதன்மேல் சதை வைப்பார்கள். அந்த எலும்புக்கூட்டுக்குத்தான் ஃபிரேம்வொர்க் என்று பெயர். பெரிய கம்பெனிகளின் எலும்புக்கூடுகள் யானை சைஸில் இருக்கும். அச்யுத்துடையது ஒரே ஒரு ஃபைல். காபி ஆறுவதற்குள் முழுதும் படித்துவிடலாம். நான் படித்தேன். வேண்டாத ஒரு வரி கிடையாது. இந்த மனுஷனைப் பார்க்காமல் போய்விட்டோமே என்று முதல் முதலாக அப்போதுதான் தோன்றியது.

அந்த ஆபீஸுக்குச் சில பழக்கங்கள் உண்டு. கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்துகிற கட்டளைக்குப் பெயர் 'கில்'. ஊர் உலகத்து எஞ்சினியர்கள் எல்லாம் வடை தின்றுகொண்டே சொல்கிற சொல். இங்கே யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அதை அனுப்பி வை" என்பார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று நம் வீடுகளில் இருக்கிறதே, அந்த மாதிரி. ஜன்னலோர நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. சுவரில் அச்யுத்தின் படம் இல்லை. மாலை போட்ட படம் மாட்டலாமா என்று ஸ்ரீகண்டன் ஒருமுறை கேட்டதற்கு, "லாகின்ல இருக்கறவனுக்கு மாலையா?" என்று நிருபமா மேடம் சீறினாராம்.

அவரை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு, வேலையில் கெட்டிக்காரி. சாட்டில் அந்த வரி வரும்போது அவர் முகம் ஒரு நொடி லேசாகும். சைட்டில் கூட்டமே இல்லாத நாட்களில் அந்த வரி வராது. அப்படி ஒரு நாள் கையெழுத்து வாங்க உள்ளே போனேன். அவர் நம் சைட்டையே திறந்து வைத்துக்கொண்டு, மறுபடி மறுபடி பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். விரல் நிற்கவே இல்லை. கடைசியில் சாட் பெட்டி திறந்தது. "கூட்டம் வருது. நான் பாத்துக்கறேன்." அவர் விரலை எடுத்துவிட்டு, நான் நிற்பதைப் பார்த்து, "என்னம்மா?" என்றார். கையெழுத்து வாங்காமலே வந்துவிட்டேன்.

மார்ச்சில் ஒரு கல்விப் பத்திரிகையிலிருந்து வேலை வந்தது. எங்கள் ஊர் ப்ளஸ் டூ மாதிரி இங்கே பி.யு.சி., அதன் ரிசல்ட்டை அவர்கள் சைட்டில் போட வேண்டும், அந்த சைட்டை நாங்கள் நடத்த வேண்டும். ரிசல்ட் அன்று காலை மாநிலமே ஒரே நேரத்தில் வந்து கதவைத் தட்டும். பிள்ளை, அப்பா, அம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் அதே நம்பரை அடிப்பார்கள். சைட் விழுந்தால் கம்பெனி பெயரும் சேர்ந்து விழும்.

"குருவி தலையில பனங்காயை வைக்காதேக்கா. இது சின்ன சைட்டுக்கு எழுதினது. பெரிய ஃபிரேம்வொர்க்குக்கு மாத்திடலாம், இன்னும் நாள் இருக்கு" என்றார் ஸ்ரீகண்டன்.

"தாங்கும்" என்றார் நிருபமா மேடம்.

"எப்படிச் சொல்றே?"

"அச்யுத் எழுதினது."

"அவன் எழுதினதுங்கறதுக்காகத் தாங்குமா? கூட்டத்துக்கு அது தெரியுமா?"

ஸ்ரீகண்டனும் கெட்டவர் இல்லை. கடைசியில் இருவருமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் சோதித்துப் பார்க்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் வெள்ளிக்கிழமை சோதனை முடிவைக் கேட்டிருந்தார்கள். அதற்குள் குருவி நின்றால் குருவி, விழுந்தால் அதைத் தூக்கிவிட்டுப் பெரியது, அதை விற்கிறவர்களே தங்கள் சர்வரில் ஓட்டிக்கொடுப்பார்கள். தூக்கிவிட்டால், அந்த எண்ணும் ப்ரோக்ராமைத் தவிர அச்யுத் எழுதியதில் ஒரு வரிகூட எங்கும் ஓடாது.

அன்று மாலை மேடம் என் மேஜைக்கு வந்தார். "வித்யா, உள்ளதை உள்ளபடி சொல்லு. எனக்காக ஒண்ணும் பூசி மெழுக வேண்டாம்" என்றார். குரல் கறாராக இருந்தது. ஆனால் சொல்லி முடித்த பிறகும் என் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சோதனை என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இல்லாத ஆட்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி சைட்டுக்கு அனுப்புகிற ஒரு டூல் இருக்கிறது. ஒவ்வொரு பொய் ஆளும் ஒரு நம்பரைத் தட்டி ரிசல்ட் கேட்பான். திங்கட்கிழமை காலை அதை ஓடவிட்டேன். கூட்டம் ஏறியது. உடனே சாட் பெட்டி திறந்தது.

"கூட்டம் வருது. நான் பாத்துக்கறேன்."

இல்லாத கூட்டத்துக்கு இல்லாத ஆள் பதில் சொல்கிறார் என்று எனக்கு உறைத்தது. இன்னும் ஏற்றினேன். வரி மறுபடி வந்தது. மறுபடி. பிறகு நிறுத்தாமல் வந்தது. நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன் என்று திரை மேலே ஏறிக்கொண்டே போனது. மூன்று மேஜைகளிலும் சாட் மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள் அறைக் கதவு திறந்து மேடம் வெளியே வந்து நின்றார். சட்டென்று எல்லாம் நின்றது. சைட் விழுந்துவிட்டது.

சர்வரைத் தொடாமல் சைட்டை மட்டும் மறுபடி எழுப்பிவிட்டோம். செவ்வாயும் அப்படித்தான். அதே இடத்தில், அதே மாதிரி, "பாத்துக்கறேன்" என்று கதறிவிட்டு விழுந்தது. ஸ்ரீகண்டன் பெரிய ஃபிரேம்வொர்க்கின் புத்தகத்தை மேஜைமேல் எடுத்து வைத்தார். மேடம் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தாங்க முடியாத சைட் முதலில் மெதுவாகும், திணறும், பிறகுதான் விழும். இது கடைசி வரை ஓட்டமாக ஓடிவிட்டு, வழியில் பள்ளம் வந்த மாதிரி விழுகிறது. குறை ஓடுகிறவனிடம் இல்லை, பாதையில் இருக்கிறது. ஸ்ரீகண்டனிடம் கேட்டு, வொயிட்ஃபீல்டில் வாடகைக்கு எடுத்திருந்த அந்த சர்வருக்குள் என் மேஜையிலிருந்தே நானே நுழைந்து பார்த்தேன். என்னென்ன ஓடுகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பட்டியல் வந்தது. குருவி கடுகளவு இடத்தில் இருந்தது. மிச்ச இடம் முழுவதையும் ஒன்றே ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அது ஆகஸ்டில் தொடங்கிய அந்த எண்ணும் ப்ரோக்ராம்.

சாயங்காலம் வந்து நிறுத்திவிடலாம் என்று தொடங்கியது அல்லவா? அதனால் அச்யுத் அதற்கு மறக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் போனதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரையும் அது ஞாபகத்தில் வைத்திருந்தது. நிஜ ஆட்கள், என் பொய் ஆட்கள், கூட்டம் இல்லாத நாட்களில் மேடத்தின் விரல், எல்லாம் அதற்குள் இருந்தன. வளர்ந்து வளர்ந்து சர்வரையே நிறைத்துவிட்டது. குருவிக்கு மூச்சு விட இடம் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் இருவரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"குருவி மேல தப்பே இல்ல மேடம். அது எவ்வளவு வேணா தாங்கும். இது ஒண்ணுதான் இடத்தை அடைச்சிக்குனு இருக்குது."

"தெரியும்" என்றார் மேடம்.

"தெரியுமா?"

"குருவியை இதுதான் சாகடிக்கறதுன்னு தெரியாது. வளர்ந்துண்டே இருக்குன்னு தெரியும். மாசா மாசம் பார்ப்பேன். குழந்தைக்கு எடை பார்க்கற மாதிரி." அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பெருசாயிண்டே இருந்தான். சந்தோஷமாத்தான் இருந்தது."

என் நீள வாய் அசட்டுத்தனமாக ஒன்று சொன்னது. "வேற சர்வர் எடுத்து குருவியை அங்க கொண்டுபோயிடலாம் மேடம். இது பாட்டுக்கு இங்கயே ஓடட்டும்."

"செத்தவனுக்கு ஒரு சர்வர், இருக்கறவாளுக்கு ஒரு சர்வரா?" என்று ஸ்ரீகண்டன் வெடித்தார். சொன்ன வேகத்திலேயே முகத்தை மூடிக்கொண்டார். "புதுசு கிடைக்க ஒரு மாசம் ஆகும்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள வராது. கேட்டுட்டேன்."

"அப்ப இதை நிறுத்திட்டு, உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கலாமே. அதே ப்ரோக்ராம்தான, அதே வரிதான் வரும்..."

"யார் ஸ்டார்ட் பண்ணுவா?" என்று கேட்டார் மேடம். "நீயா? நானா? இது அவன் கையால தட்டிவிட்டது வித்யா. அவன் ஆரம்பிச்சதுல இது ஒண்ணுதான் இன்னும் முடியாம இருக்கு."

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடத்துக்கு இருந்தது இரண்டே வழி. தம்பி எழுதியதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தம்பி ஓடவிட்டதை நிறுத்த வேண்டும். இதை வைத்துக்கொண்டால் குருவி போய்விடும். வெள்ளிக்கிழமை காலை முடிவு சொல்லியாக வேண்டும்.

"ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டார்" என்று மேடம் மெதுவாக ஆரம்பித்தார். "மெஷினை எடுத்துடலாமான்னு. அப்பாவுக்குக் கை நடுங்கித்து, பேனாவைப் பிடிக்க முடியலை. கையெழுத்து போட்டது நான்தான். ஒரு தடவை பண்ணிட்டேன் வித்யா. மறுபடியும் என்னையே பண்ணச் சொல்றியா?"

"நான் பண்றேன் மேடம். நீங்க உள்ள போயிடுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நீ அவனைப் பார்த்ததே இல்லை. தெரியாதவா கையால வேண்டாம். நகரு."

என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வேலையை நிறுத்த இரண்டு விதம் உண்டு. ஒன்று, போதும், முடித்துக்கொண்டு கிளம்பு என்று கேட்டுக்கொள்வது. அவர் முதலில் அதைத்தான் செய்தார். காத்திருந்தோம். பட்டியலில் அந்த வரி அப்படியே இருந்தது. பச்சைப் புள்ளியும் இருந்தது. அவ்வளவு ஊதிப்போன ப்ரோக்ராம் சொல்வதைக் கேட்கிற நிலையில் இல்லை. மறுபடி கேட்டார். ஒன்றும் இல்லை.

"பார்த்தியாடா ஸ்ரீ?" மேடம் சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "சின்ன வயசுலேந்தே இப்படித்தான். ஒரு தடவை சொன்னா கேக்க மாட்டான்."

இன்னொரு விதத்தில் கேட்பது கிடையாது. மெஷினே கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். நிற்கிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட நேரம் இருக்காது. மேடம் அந்தக் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அடித்துவிட்டு, கடைசிப் பொத்தான்மேல் விரலை வைத்தபடி இருந்தார். நானும் ஸ்ரீகண்டனும் அவருக்கு இருபுறமும் நின்றோம். வெளியே ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. போதும்மா, எழுந்துவிடு, குருவியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது.

அவர் தட்டிவிட்டார்.

பட்டியலில் வரி உடனே மறைந்தது. சாட்டில் பச்சைப் புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருந்தது. ஆள் போனது சாட்டுக்குத் தெரிய நேரமாகும். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அதுவும் சாம்பல் நிறமானது.

மேடம் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைப்பையை எடுத்தார். "நீ டெஸ்டைப் போடு" என்றார் என்னிடம்.

"நீங்க பாக்க வேணாமா மேடம்?"

"தாங்கும். நான் ஆத்துக்குப் போய்க் குளிக்கணும்." அவர்கள் பேச்சில் ஆத்துக்கு என்றால் வீட்டுக்கு.

"இப்ப எதுக்குக்கா?" என்றார் ஸ்ரீகண்டன்.

"அன்னைக்கு நீங்கள்லாம் அவனை எடுத்துண்டு கிளம்பினதும் ஆத்துல எல்லாரும் குளிச்சா. நான் குளிக்கலை. நேரே இங்க வந்துட்டேன். கதவைத் திறந்தா சாட்ல பச்சைப் புள்ளி எரிஞ்சிண்டிருக்கு. கூட்டம் வருது, நான் பாத்துக்கறேங்கறான்." செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார். "இருக்கறவனுக்கு யாராவது குளிப்பாளா?"

மாடிப்படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. ஸ்ரீகண்டன் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரை அழவிட்டுவிட்டு நான் சோதனையைத் தொடங்கினேன். வேறு என்ன செய்வது? முன்பு விழுந்த இடத்தைத் தாண்டியது. இரண்டு பங்கு ஏற்றினேன். ஐந்து பங்கு ஏற்றினேன். குருவி அசையவில்லை, திணறவும் இல்லை. மே மாதம் ரிசல்ட் வந்த அன்றும் அது அப்படியே நின்றது. பத்திரிகைக்காரர்கள் இனிப்பு அனுப்பினார்கள். சின்ன ஃபிரேம்வொர்க் பெரிய கூட்டத்தைத் தாங்குமா என்று இப்போது யாராவது கேட்டால், தாங்கும், அதன் வழியில் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள் என்று சொல்வேன்.

ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்கு அந்த சந்தோஷம் எதுவும் இல்லை. சோதனை ஓடிய நேரம் முழுவதும் ஆபீஸில் சத்தமே இல்லை. இல்லாத ஆட்கள் ஆயிரம் ஆயிரமாக வந்து கேட்டுவிட்டுப் போனார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. சீக்கிரமே கிளம்பி ஜீவனஹள்ளியில் என் அறைக்கு நடந்தே போனேன். கதவைத் திறக்கக் கை போனது, திறக்கவில்லை. பின்கட்டில் வீட்டுக்கார அம்மா ராஜலக்ஷ்மி பிடித்து வைத்திருந்த தண்ணீரை மொண்டு, போட்டிருந்த சுடிதாரோடு தலையில் ஊற்றிக்கொண்டேன். ஒரு பக்கெட் தீர்ந்ததும் இன்னொரு பக்கெட்.

சத்தம் கேட்டு ராஜலக்ஷ்மியம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"யாரும்மா? ஊர்லயா?"

"இல்லம்மா. எங்க ஆபீஸ்ல ஒருத்தரு."

"அய்யோ பாவமே. எப்போ?"

"இன்னைக்கு மத்தியானம்" என்றேன்.